பவளத்தின் பெயரில் ஒரு வண்டி

நவம்பர் 19

காலையில் ஷெட்டைத் திறக்கும்போதே வீரணன் வந்துவிட்டான். முன்னால் அவன் ஜீப், பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்த பழைய பிக்கப். பிக்கப்பின் ஸ்டியரிங்கில் அவனுடைய டிரைவர் செல்லையா. வாசலில் திரும்பும்போது வண்டியின் மூலை என் ஷெட் தூணில் லேசாக உரசிவிட்டது. செல்லையா இறங்குவதற்குள் வீரணன் ஓடிவந்து கதவைத் திறந்தான். சட்டையோடு அவனை வெளியே இழுத்து, உரசிய அதே இடத்தில் அவன் முகத்தைக் கொண்டுபோய் மோதினான்.

"இப்பத் தெரியுதா வண்டி எவ்வளவு அகலம்னு?"

செல்லையாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துடைக்காமல் நடந்தே போய்விட்டான். இனி வரமாட்டான் என்று நினைக்கிறேன்.

வீரணன் என் தங்கை பவளக்கொடியின் புருஷன். நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப் பூ ஏற்றிக் குமுளி வழியாகக் கேரளாவுக்கு அனுப்புகிறான். முதலில் போய்ச் சேருகிற வண்டியின் பூவுக்குத்தான் விலை. மொட்டு விரிந்த பிறகு வருவதை யாரும் சீண்டமாட்டார்கள்.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "மச்சான், குமுளி ஏத்தத்துல என்னைய ஒரு பய முந்தக் கூடாது. அதேபோல, போயிட்டுத் திரும்புற வரைக்கும் வண்டி பங்க்குப் பக்கம் ஒதுங்கக் கூடாது. அப்படி ஒண்ணு கட்டிக் குடு."

"வேகமும் வேணும், டீசலும் குடிக்கக் கூடாதுன்னா இந்த எஞ்சின் ஆகாது மாப்ள. வேற எஞ்சின்தான் வைக்கணும்."

"வையி. தை முகூர்த்தத்துக்கு ஓடணும்."

ஷெட் இருக்கும் இடம் அவனுடையது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23

பழைய எஞ்சினை இறக்கினேன். சிலிண்டர் முழுக்கக் கீறல். டீசலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்திருக்கிறது. ஆனால் சேஸிஸ் கெட்டி, எங்கும் துரு இல்லை. இரும்புத் தளத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போட்டால் எடை நன்றாகக் குறையும். எடை குறைந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மதியம் பவளம் சோறு கொண்டுவந்தாள். கீழ் உதடு வீங்கிக் கறுத்திருந்தது.

"என்னாத்தா இது?"

"கதவுண்ணே. காத்துல சாத்திக்கிருச்சு."

கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது என்று சொன்னேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தரையில் கிடந்த பிஸ்டனை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா இருந்தவரை வயலில் டிராக்டர் ஓட்டியது அவள்தான். எனக்குப் பழுது பார்க்கத்தான் வரும், அவளுக்கு ஓட்ட வரும்.

நவம்பர் 29

காஜா பாயைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய், பழைய வண்டி உடைக்கிற கடையிலிருந்து எஞ்சின் எடுத்துவந்தேன். வயரிங் வேலைக்கு வத்தலக்குண்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது. லாரி பின்னாலிருந்து ஏறிய ஒரு காரின் எஞ்சின் அது. பின் சீட் தரையோடு தரையாகிவிட்டது. காய்ந்த ரத்தத்தின் மேல் கடைக்காரன் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தான். முன்னால் எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. சின்ன டர்போ டீசல். பிக்கப்பின் பழைய எஞ்சினில் பாதி எடைகூட வராது, இழுவை அதைவிட அதிகம். கம்ப்யூட்டர், வயரிங், சாவி எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தோம். அந்தச் சாவி இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டர் எஞ்சினை எழுப்பாது.

பாய் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினார்.

டிசம்பர் 2

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கத் தகடு வெட்டினேன். சென்டர் மயிரிழை தள்ளிப்போய்விட்டது. நாளைக்கு மறுபடியும்.

டிசம்பர் 6

சகாயம் வந்தார். ஒரே ஒரு நீல வேன் வைத்துக்கொண்டு கேரளாவுக்குப் பூ ஓட்டுகிறவர். வேனின் முன் கண்ணாடி முழுக்கச் சிதறியிருந்தது. நெற்றியில் துண்டைக் கட்டியிருந்தார், துண்டு சிவப்பாகியிருந்தது.

"உத்தமபாளையத்துல டீக்கடை வாசல்ல வச்சு அடிச்சாய்ங்க. ஒங்க மாப்ளயோட ஆளுக, மாடசாமியும் இன்னொருத்தனும். ஒங்க மாப்ள ஜீப்புக்குள்ளயே ஒக்காந்து டீ குடிச்சிட்டுருந்தாரு."

"பேசிப் பாத்தீங்களா?"

"கம்பிய வச்சு அடிக்கிறவன்ட்ட என்னத்தப் பேசுறது? ஆறு பேரு ஓட்டிக்கிட்டிருந்தோம் இந்த ரூட்டுல. இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம்." அண்ணாந்து, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். "இதுதானா அது? ஊரே பேசுது."

வேனுக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தேன். ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தித்தான் மாட்டினேன், ரோட்டிலிருந்து தெரியாது. வெயில் படாமல் வேலை பார்க்க அதுதான் வசதி.

டிசம்பர் 11

எஞ்சின் உட்கார்ந்தது. ஸ்டார்ட் ஆனது.

நான் இதைப் பற்றி எழுத நினைத்திருந்தது வேறு. முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது, புகை இல்லை, நடுக்கம் இல்லை. பானெட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலை எழாது. காஜா பாய் கைதட்டினார். வீரணன் பவளத்தையும் மகள் யாழினியையும் அழைத்து வந்திருந்தான். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பவளம் சிரித்தாள். "கார் மாதிரி இருக்குண்ணே. இத நான்கூட ஓட்டிருவேன் போல. டிராக்டர் ஓட்டுன கைதானே."

"எந்தக் கை?" என்றான் வீரணன். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

அவளும் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினாள்.

"இந்தக் கையா?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் உள்ளங்கையைச் சைலன்சர் குழாயின் மேல் வைத்து அழுத்தினான். சூடு ஏறிச் சிவந்துகிடந்த இடம். அவள் கத்தியது எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. அவன் உடனே எடுக்கவில்லை. மூச்சு விட்டு, இன்னொரு மூச்சு இழுத்து, அப்புறம்தான் எடுத்தான். குழாயில் தோல் ஒட்டிக்கொண்டு புகைந்தது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஓட்டு," என்றான்.

என் கையில் ஸ்பேனர் இருந்தது. நான் எஞ்சினை அணைத்தேன். அது மட்டும்தான் செய்தேன்.

டிசம்பர் 12

மருந்துக் கடைக்குப் போய்த் தீப்புண் மருந்து வாங்கினேன். காஜா பாயின் மனைவி கொண்டுபோய்க் கொடுத்தார். வேலை பார்க்கவில்லை. குழாயை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

டிசம்பர் 15

பின் அச்சில் கிரவுன் பல்லை மாற்றிப் போட்டேன். இனி எஞ்சின் நிதானமாகச் சுற்றினாலே சக்கரம் கூடுதலாக ஓடும். ஏற்றத்துக்கு டர்போ பார்த்துக்கொள்ளும். டேங்க்கையும் பெரிதாக மாற்றினேன். வீரணன் கேட்கவில்லை, ஆனால் பெரிய டேங்க் நல்லது.

காஜா பாயிடம் இரண்டாவது சாவி ஒன்றைக் கம்ப்யூட்டரில் பதியச் சொன்னேன்.

"யாருக்கு?" என்றார்.

"ஒண்ணு தொலைஞ்சா என்ன பண்றது பாய்?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தொலையும் தொலையும். கண்டிப்பாத் தொலையும்," என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார்.

டிசம்பர் 19

பிரேக்கில் காற்று எடுக்கும் வேலை. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருக வேண்டும். சோறு கொண்டுவந்த பவளத்தை ஏறி மிதிக்கச் சொன்னேன். அவள் கால் எட்டவில்லை. சீட்டைக் கழற்றி முன்னால் தள்ளி மாட்டினேன், கிளட்ச் பெடலையும் வளைத்து உயர்த்தினேன்.

வேலை முடிந்தபிறகு, ஓடும்போது அச்சில் சத்தம் வருகிறதா என்று நான் பின்னால் நின்று கேட்க வேண்டியிருந்தது. எனவே கண்மாய்க் கரை மண் ரோட்டில் வண்டியை அவள்தான் ஓட்டினாள். வலது கையில் கட்டு. மணிக்கட்டால் ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டு இடது கையால் கியர் போட்டாள். முதல் தடவை எஞ்சின் அணைந்துவிட்டது. அடுத்ததில் போய்விட்டாள். கரை முனையில் திரும்பி வரும்போது மூன்றாவது கியரில் வந்தாள். பின்னால் புழுதி எழும்பி நின்றது.

அச்சில் சத்தம் இல்லை.

டிசம்பர் 24

வீரணன் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். பின்னால் மணல் மூட்டை அடுக்கி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காலையில் கிளம்பினான். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

கம்பம் வரை வண்டி வந்ததே தெரியவில்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறியதும் முன்னால் சகாயத்தின் நீல வேன் தெரிந்தது. பூ ஏற்றியிருந்தார். வளைவுகளில் நிதானமாகத்தான் போனார். வீரணன் ஹாரன் அடிக்கவில்லை. கியரைக் குறைக்கவும் இல்லை, மிதித்தான். வண்டி அப்படியே எழுந்து போனது. அந்த ஏற்றத்தில், அந்த எடையோடு. ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வளைவில் வேனுக்கு இணையாக வந்தான். சகாயம் திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். வீரணன் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒரு வெட்டு வெட்டினான். நான் உட்கார்ந்திருந்த பக்கம்தான் மோதியது. வேன் ஓரக் கல்லை உடைத்துக்கொண்டு போய் இறங்கியது. இரண்டு முறை புரண்டு மரத்தில் சிக்கி நின்றது. மூட்டைகள் கிழிந்து சரிவு முழுக்க மல்லிகை.

"நிறுத்து மாப்ள! நிறுத்துடா!"

அவன் நிறுத்தவில்லை. என் தொடையில் தட்டினான். "என்னா இழுவ மச்சான்! என்னா இழுவ!"

குமுளியில் டீ வாங்கித் தந்தான். நான் குடிக்கவில்லை.

டிசம்பர் 26

இடது பக்க நெளிவைத் தட்டி எடுத்தேன். நீலப் பெயிண்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். போலீஸில் அது விபத்து.

டிசம்பர் 28

தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சகாயத்துக்கு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி லூர்து வராண்டாவிலேயே என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீ கட்டுன வண்டி. ஒன் தங்கச்சி புருஷன் ஓட்டுனான். இவுக கால எந்த மெக்கானிக்யா மாட்டுவான்? சொல்லு! எந்த மெக்கானிக்கு?"

அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். நர்ஸ் வந்து விலக்கினாள். லூர்து இன்னும் கொஞ்ச நேரம் அடித்திருக்கலாம்.

ஜனவரி 4

வேறு எஞ்சின் மாட்டினால் ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டும். வீரணன் தன் வண்டிகள் எதையும் தன் பெயரில் வைத்துக்கொள்வதில்லை. கேஸ் என்று வந்தால் அடுத்தவன் மாட்டட்டும் என்ற கணக்கு. இந்த பிக்கப் பவளத்தின் பெயரில் இருக்கிறது. அவளை அழைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் எல்லாவற்றையும் முறையாக முடித்தேன். அவள் லைசென்ஸையும் புதுப்பித்தோம். எப்படியும் அங்கே போயிருந்தோம், அதனால்தான்.

ஜனவரி 8

மைலேஜ் சோதனை. பாதி லோடு. அணைப்பட்டி வழியாகப் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பினோம். லிட்டருக்குப் பதினெட்டு. பிக்கப்புக்கு இது எங்கும் கிடையாது. அவளே முழுக்க ஓட்டினாள், யாழினி நடுவில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பவளத்தின் கழுத்தில் விரல் தடம் இருந்தது. கதவு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இறங்கும் முன் கேட்டாள். "அண்ணே, டேங்க் நெறஞ்சிருந்தா இது எவ்வளவு தூரம் போகும்?"

"நீ போன்னு சொல்ற தூரம்."

இரண்டாவது சாவியைச் சோற்று வாளிக்குள் போட்டு அனுப்பினேன்.

ஜனவரி 13

வீரணன் சொல்லாமல் வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்டு ஏன் முன்னால கெடக்கு? எவன் ஒக்காந்தான் இதுல?"

"காஜா பாய் மாப்ள. வயரிங் பாக்க ஏறுனாரு. அவரு குள்ளம்ல."

என்னையே பார்த்தான். பிறகு இறங்கி, கீழே கிடந்த சுத்தியலை எடுத்து, மேசைமேல் இருந்த என் இடது கையின் பக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தான். விரலுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் ஒரு நூல் இடம். மரம் பிளந்தது.

"பாயோட கணக்க முடிச்சு அனுப்பிரு. இனி எவனும் ஏறக் கூடாது."

சரி என்றேன்.

ஜனவரி 17

நாளைக் காலையில் பூஜை. வீரணன் வண்டியை எடுத்துக்கொள்கிறான். நாளை மறுநாள் அவன் வக்கீலைப் பார்க்க மதுரை போகிறான், திரும்பச் சாயங்காலம் ஆகும். வண்டி அப்போது அவன் வீட்டு வாசலில் நிற்கும்.

டேங்க்கை முட்ட முட்ட நிரப்பினேன். பூஜைக்கு வண்டி நிறைந்து இருப்பது நல்லது.

ஜனவரி 22, அரசு ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன், கோணல் மாணலாகத்தான் வரும். வலது கை தோள் வரை மாவுக்கட்டு. காஜா பாய் டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

பதினெட்டாம் தேதி நடந்தது இது.

வண்டிக்கு மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி சூடம் காட்டினார். வீரணனோடு மாடசாமியும் இன்னொருவனும் வந்திருந்தார்கள். போட்டோ எடுக்க வேண்டும் என்று வீரணன் பவளத்தையும் பிள்ளையையும் வண்டிக்குள் ஏற்றி உட்காரவைத்தான். டிரைவர் சீட்டில் அவனே ஏற வந்தான்.

யாழினி சொன்னாள்: "அப்பா, அது அம்மா சீட்டு. அம்மாதான் இத ஓட்டுவாங்க. அணைப்பட்டிக்கெல்லாம் ஓட்டுனாங்க."

பிள்ளை பெருமையாகத்தான் சொன்னது.

வீரணன் பிள்ளையைப் பார்த்தான், பவளத்தைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சைலன்சர் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். "மாடசாமி, கேட்டச் சாத்து," என்றான்.

"எடு, பவளம்!" என்று கத்தினேன்.

ஒரே தாவலில் டிரைவர் சீட்டுக்கு மாறிவிட்டாள். ரவிக்கைக்குள்ளிருந்து சாவியை எடுத்தது தெரிந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. எலுமிச்சைகள் நசுங்கின. வீரணன் ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் முடியைப் பிடித்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. அவனை இழுத்துக்கொண்டே வண்டி போனது. கேட் பாதி சாத்தியிருந்தது, அதில் அவன் தோள் மோதியது. கீழே விழுந்தான். கையில் ஒரு கொத்து முடி இருந்தது. பம்பர் பட்டுக் கேட்டின் ஒரு கதவு பிடுங்கிக்கொண்டு ரோட்டில் விழுந்தது. வண்டி ரோட்டில் ஏறிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது. கியர் மாறும் சத்தம் சுத்தமாகக் கேட்டது.

மாடசாமி ஜீப்பில் தாவி ஏறி விரட்டினான். வீரணன் எழுந்து செல்போனை எடுத்தான். போகிற வழியில் ஊர் ஊருக்கு அவனுக்கு ஆள் உண்டு, ஒரு போன் போதும். நான் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன்.

"மச்சான், தள்ளிரு."

முதலில் போனைப் பிடித்திருந்த கையில் போட்டேன். போன் சில்லு சில்லாகப் போனது. அவன் என் கழுத்தைப் பிடித்தான், இரண்டு பேரும் ஆயில் சிந்திய தரையில் விழுந்தோம். என் காதைக் கடித்தான். நான் எழுந்தபோது அவன் முட்டி போட்டு எழுந்துகொண்டிருந்தான். முட்டியில் ஒரு அடி அடித்தேன். ஒரு அடி என்றுதான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்.

அப்புறம் மாடசாமியோடு வந்திருந்தவன் ஜாக்கி ராடால் என்னை அடித்தான். வலது கை, விலா, மறுபடியும் வலது கை. பூசாரி கத்திக்கொண்டே ஓடியது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் காஜா பாய் வெல்டிங் கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அது ஞாபகம் இல்லை.

ஜனவரி 24

இன்ஸ்பெக்டர் வந்தார். வீரணன் பக்கத்துக் கட்டடத்தில் படுத்துக்கொண்டு இரண்டு புகார் கொடுத்திருக்கிறான். நான் கொலை செய்யப் பார்த்தேன் என்று ஒன்று. வண்டி திருட்டுப் போய்விட்டது என்று இன்னொன்று.

"வண்டி அந்தம்மா பேர்ல இருக்கேய்யா. அவங்க வண்டிய அவங்க ஓட்டிட்டுப் போனா எப்படித் திருட்டு? நீ சொல்லிக் குடுத்தியா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா. நான் மெக்கானிக்கு."

அவர் பேனாவை மூடினார். நான் அவரைத் திரும்பவும் திறக்கச் சொன்னேன். குமுளி ஏற்றத்தில் நடந்ததைச் சொன்னேன். நானும் அந்த வண்டிக்குள் இருந்தேன், நீலப் பெயிண்ட்டைத் துடைத்தது நான்தான் என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஜனவரி 25

காஜா பாய் போனை என் காதில் வைத்தார். பவளம்.

"எங்க இருக்கேன்னு சொல்லாத," என்றேன்.

"சொல்லலண்ணே. இங்க யாருக்கும் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். அன்னைக்கு வழியில எங்கயும் நிறுத்தல. பிள்ள ஒன்னுக்குப் போகணும்னப்ப மட்டும் நிறுத்துனேன். அந்த ஜீப்ப ரெண்டு நிமிசம் கண்ணாடியில பாத்தேன், அப்புறம் காணோம்."

"கை?"

"ஸ்டியரிங்கப் பிடிச்சா எரியுது. எரிஞ்சா எரியட்டும், தூக்கம் வராம இருந்துச்சு." பிறகு கேட்டாள். "ஒன் கைய ஒடச்சுட்டாங்களாமே."

"சேந்துரும்."

விரல்கள் மூன்று அசையவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்கு மாற்றினார்கள். வக்கீல் வந்தார். பவளம் மாஜிஸ்திரேட் முன்னால் வந்து நடந்ததைச் சொன்னால் என் கேஸும் இளகும், வீரணன் மேல் கேஸும் நிற்கும் என்றார். அவள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். வந்தால் வழியிலேயே முடித்துவிடுவார்கள். பிடிபட்டிருந்த மாடசாமிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 11

இன்று கோர்ட்.

வந்துவிட்டாள்.

என்னை வேனிலிருந்து இறக்கும்போதே பிக்கப் வாசலில் நின்றது. மேலெல்லாம் செம்மண் புழுதி, தளத்தில் வெங்காயச் சருகு. அங்கே மண்டிக்கு லோடு ஓட்டுகிறாளாம். முடி பிடுங்கிய இடத்தில் தலையில் இன்னும் வளரவில்லை. அதை மறைக்க முக்காடு போட்டிருக்கவில்லை.

மாஜிஸ்திரேட் அறைக்குள் தனியாகப் போனாள். கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் சகாயம் இரண்டு ஊன்றுகட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தார். பக்கத்தில் லூர்து. என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை, தலையையும் திருப்பிக்கொள்ளவில்லை. எதிரே சக்கர நாற்காலியில் வீரணன். வெகுநேரம் கழித்துப் பவளம் வெளியே வந்தாள். அவனைத் தாண்டித்தான் வர வேண்டும். நின்று, வலது உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். இந்தக் கைதான் என்றாள். என்னிடம் வந்து தொங்கிக்கொண்டிருந்த என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். ஏட்டு அனுமதித்தார். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும்.

வெளியே அவள் வண்டியில் ஏறியதும் மாடசாமி வழியை மறித்து நின்றான். பின்னால் இன்னும் நான்கு பேர். கோர்ட் வாசலில் போலீஸ் இருக்கிறது, யாரும் நகரவில்லை. மாடசாமி பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தான். "போய்ப் பாரு," என்றான்.

பவளம் ஸ்டார்ட் செய்தாள். ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னலை ஏற்றவும் இல்லை. முதல் கியர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. வண்டி நகர்ந்தது. மாடசாமி சிரித்துக்கொண்டே பின்னால் ஒரு அடி வைத்தான், இன்னொரு அடி வைத்தான். டர்போ விசில் ஏறியது. அவள் முகத்தில் அவன் எதைப் பார்த்தானோ, சிரிப்பு போய்விட்டது. கையை உதறிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தான். சாக்கடைக்குள் போய் விழுந்தான். அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி திரும்பி மெயின் ரோட்டில் ஏறியது, கண்ணை விட்டு மறைந்தது.

என் கைவிலங்கைப் பிடித்திருந்த ஏட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா எடுப்புய்யா! பிக்கப்புல இது என்னா எஞ்சினு?"

சொன்னேன். எங்கே வாங்கினேன், எந்தத் தகடு வெட்டினேன், அச்சில் எந்தப் பல்லை மாற்றினேன், லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று சொன்னேன். வேன் வந்து நின்றபிறகும், என்னை ஏற்றிக் கதவைச் சாத்தும்வரை, சொல்லிக்கொண்டே இருந்தேன்.